கேலரியில் பிறந்த கோஷம் யாருக்குச் சொந்தம்?

மக்களே, ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. ஆபீசில் ஆணி கொஞ்சம் குறைந்திருப்பதால் இந்த வாரம் உட்கார்ந்துவிட்டேன்.

விளையாட்டு பார்க்கிற ஒரு ரசிகன் ஒரு கோஷத்தையோ, ஒரு யோசனையையோ உண்டாக்குகிறான். கொஞ்ச நாள் கழித்து அதே மாதிரி ஒன்று டிவியில் பெரிய எழுத்தில், பின்னணி இசையோடு வருகிறது. இதைத் திருட்டு என்று சொல்லலாமா? தற்செயல் என்று விட்டுவிடலாமா? சட்டம் என்ன சொல்லியிருக்கிறது, சரித்திரத்தில் என்ன நடந்திருக்கிறது என்று படித்துப் பார்த்தேன். நான் வக்கீல் இல்லை, சாஃப்ட்வேர் ஆசாமி. அதனால் சட்ட ஆலோசனையாக இதை எடுத்துக்கொள்ளாமல், சரித்திரமாகப் படியுங்கள்.

கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத்தில் எங்கள் ஆபீஸ் கோஷ்டி ஐபிஎல் சமயத்தில் உப்பல் மைதானத்துக்குப் போவது வழக்கம். மூன்று பேர் தமிழர்கள், ஒருவர் வாரங்கல்காரர். ஒரு வருஷம் பழைய பெட்ஷீட்டில் 'உப்பல்ல உப்பு ஜாஸ்தி' என்று எழுதிக்கொண்டு போனோம். உப்பு என்றால் தெலுங்கிலும் உப்புதான் என்பதால் இரண்டு மொழிக்காரர்களும் சிரித்தார்கள். அடுத்த சீசனில் ஒரு சேனலின் விளம்பரத்தில் 'உப்பல்லோ உப்பு எக்குவ' என்று வந்தது. எங்கள் கும்பகோணத்து நண்பர் கொதித்துப்போய், "ஏங்க, இது நம்ம பெட்ஷீட்டுங்க! கேஸ் போடலாமா?" என்றார். வாரங்கல் நண்பர் நிதானமாக, "இதை நாங்க ஸ்கூல்லயே சொல்லியிருக்கோம். அப்போ நான் உங்க மேல கேஸ் போடணும்" என்றார். :-)

சிரித்துவிட்டுக் கலைந்துவிட்டோம். ஆனால் இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதே என்பது மட்டும் மனதில் நின்றுவிட்டது. தேடப் போனபோது தெரிந்தது, இந்தக் கேள்வியை நம் உச்ச நீதிமன்றமே ஒரு காலத்தில் தலையைப் பிய்த்துக்கொண்டு விசாரித்திருக்கிறது. அதில் ஒரு தமிழ்க் குடும்பமும் வருகிறது!

மதராஸிக் குடும்பமும் பஞ்சாபிக் குடும்பமும்

டெல்லியில் ஆர்.ஜி. ஆனந்த் என்று ஒருவர் இருந்தார். தொழிலால் கட்டடக் கலைஞர். பகலில் கட்டட வரைபடம், மற்ற நேரத்தில் நாடகம். நம்மைப் போல இரட்டை வாழ்க்கை. 1953-இல் அவர் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்று ஒரு நாடகம் எழுதினார். 1954 பிப்ரவரியில் டெல்லியில் அது மேடையேறியது. கதை என்னவென்றால், டெல்லியில் அக்கம்பக்கத்தில் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு மதராஸிக் குடும்பம். பெரியவர்கள் ஊர்ப் பெருமை பேசி முறைத்துக்கொள்ள, பிள்ளைகள் காதலித்துவிடுகிறார்கள். வெளியூரில் குடித்தனம் நடத்துகிற நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த கதை.

நாடகம் பேசப்பட்டது. 1954 கடைசியில் சினிமா இயக்குநர் மோகன் சேகல் தரப்பிலிருந்து கடிதம் வந்தது. 1955 ஜனவரியில் ஆனந்த் தன் நாடகத்தை முழுவதுமாக அவருக்கு வாசித்துக் காட்டினார். அதன்பிறகு பேச்சு மூச்சில்லை. 1956-இல் 'நியூ டெல்லி' படம் வந்தது. கிஷோர் குமார் பஞ்சாபிப் பையன், வைஜயந்திமாலா தமிழ்ப் பெண். வாடகைக்கு வீடு தேடி அலைகிற பஞ்சாபி, தென்னிந்தியனாக வேஷம் போட்டு அறை பிடிக்கிறான். அவரவர் மாநிலத்துக்காரனுக்குத்தான் அவரவர் வீடு தருவார்கள் என்கிற கூத்து படம் நெடுக வருகிறது.

படம் பார்த்த ஆனந்த் வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டில் தோற்றார். டெல்லி உயர் நீதிமன்றத்திலும் தோற்றார். 1978 ஆகஸ்டில், படம் வந்து 22 வருஷம் கழித்து, உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்.

அந்தத் தீர்ப்பு சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும். ஒரு யோசனைக்கு, ஒரு கருவுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. பிராந்திய வெறி என்பது ஒரு கரு. அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக் கதை செய்யலாம். அந்தக் கருவை நீங்கள் எந்த வடிவில், எந்த வரிசையில், எந்தச் சொற்களில் செய்தீர்களோ அதற்குத்தான் காப்புரிமை. இரண்டையும் பார்த்த ஒரு சாதாரண ஆளுக்கு, 'இது அதைப் பார்த்து அடித்ததுதான்' என்ற சந்தேகமில்லாத எண்ணம் வர வேண்டும். நாடகத்தில் பிராந்திய வெறி இரண்டு குடும்பத்தின் கல்யாண விஷயத்தில் மட்டும் வருகிறது. படத்தில் வீட்டு வாடகை, வரதட்சணை என்று விரிகிறது. எனவே நகல் இல்லை.

பெரும்பான்மைத் தீர்ப்போடு முடிவில் ஒத்துப்போன நீதிபதி பதக், தனியாகச் சில வரிகள் எழுதினார். நாடகத்தின் முக்கிய அம்சங்கள் படத்தை எழுதியவர்களைப் பாதித்திருக்கின்றன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனாலும் இரண்டு கோர்ட்டுகள் ஒரே மாதிரி முடிவு செய்துவிட்ட பிறகு அதை மாற்ற அவர் விரும்பவில்லை. ஆனந்துக்கு அந்தச் சில வரிகள் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்குமோ, எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்குமோ!

இந்தியாவில் யாராவது 'என் ஐடியாவைச் சுட்டுவிட்டார்கள்' என்று கோர்ட்டுக்குப் போனால் இன்றைக்கும் முதலில் எடுத்துவைக்கப்படுவது இந்தத் தீர்ப்புதான். எங்கள் பெட்ஷீட் வழக்கு நிற்காது என்பது இங்கேயே தெரிந்துவிட்டது.

நம்பிச் சொன்ன யோசனை

அப்படியென்றால் யோசனை வைத்திருப்பவனுக்குப் பாதுகாப்பே இல்லையா என்றால், ஒரு வாசல் இருக்கிறது. அதைத் திறந்துவிட்டவை இரண்டு டிவி வழக்குகள்.

2002-இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. நிஜமான வரன்களை வைத்து டிவியில் சுயம்வரம் நடத்தும் நிகழ்ச்சிக்கு ஒருவர் முழுத் திட்டம் தயாரித்து சோனி டிவிக்காரர்களிடம் விளக்கியிருக்கிறார். அப்புறம் அவர்களே 'ஷுப் விவாஹ்' என்று ஒரு கல்யாண நிகழ்ச்சியோடு வரப்போவதாக அறிவித்தார்கள். சுயம்வரம் என்பது புராண காலத்து விஷயம்தானே, அதில் என்ன உரிமை என்று எதிர்த் தரப்பு கேட்டது. நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. பொதுவான ஒன்றை எடுத்து, உழைத்து, ஒரு நிகழ்ச்சி வடிவமாக்கி, ரகசியமாக ஒருவரிடம் நம்பிக் கொடுத்தால், அந்த நம்பிக்கையை முறிக்கக்கூடாது என்று சொல்லித் தற்காலிகத் தடை விதித்தது.

2003-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் கிட்டத்தட்ட இதே கதை. சன்டயல் என்ற தயாரிப்பு நிறுவனம் 'கிருஷ் கன்னையா' என்ற தொடரின் கருவை ஜீ டிவியிடம் சொல்லியிருந்தது. பிறகு ஜீயில் 'கன்னையா' என்று ஒரு தொடர் வந்தது. அங்கும் சன்டயலுக்குச் சாதகமாகவே தடை கிடைத்தது.

ஆனந்த் வழக்கில் காப்புரிமைக் கணக்குதான் பிரதானமாகப் பேசப்பட்டது. இந்த இரண்டு வழக்கிலும் அதோடு நம்பிக்கைத் துரோகக் கணக்கும் சேர்ந்துகொண்டது. நீங்கள் ஊருக்கே கேட்கும்படி கத்திய கோஷத்துக்கு இந்த இரண்டாவது கணக்கு பொருந்தாது. மூடிய அறையில் 'இது நமக்குள் இருக்கட்டும்' என்று சொன்ன திட்டத்துக்குப் பொருந்தும். எங்கள் பெட்ஷீட்டை முப்பதாயிரம் பேருக்கு மேல் பார்க்கட்டும் என்றுதானே தூக்கிப் பிடித்தோம்!

கோஷங்களின் கதி

சரி, கோஷத்துக்கு வருவோம். கிரிக்கெட் கோஷங்களுக்காக இந்தியாவில் கோலா கம்பெனிகள் அளவுக்கு அடித்துக்கொண்டவர்கள் யாருமில்லை.

1996 உலகக் கோப்பை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்று நாடுகளில் நடந்தது. அதிகாரபூர்வ பானம் கோக். பெப்சி சும்மா இருக்கவில்லை. 'நத்திங் அஃபிஷியல் அபௌட் இட்' என்று விளம்பரம் செய்து, கோக் காசு கொடுத்து வாங்கிய அந்தஸ்தையே கேலியாக்கிவிட்டது. அந்த உலகக் கோப்பையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் அதிகம் நினைவுகூர்வது பெப்சி வரியைத்தான்.

அப்புறம் 1998-இல் 'யே தில் மாங்கே மோர்' வந்தது. அடுத்த வருஷம் கார்கில் போர். கேப்டன் விக்ரம் பத்ரா ஒரு சிகரத்தைப் பிடித்தபின் வெற்றிச் சொல்லாக அதைச் சொன்னார். ஒரு குளிர்பான விளம்பர வரி, உயிரைக் கொடுத்த ஒரு வீரரின் வரியாக மாறிவிட்டது. இன்றைக்கு அந்த வரியைக் கேட்டால் நம்மில் பலருக்கு முதலில் பெப்சியா ஞாபகம் வருகிறது? பத்ராதான்.

கோக் தரப்பு அந்த வரியைத் தன் விளம்பரத்தில் கிண்டலடித்தபோது பெப்சி கோர்ட்டுக்குப் போனது. 2003-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச், போட்டியாளரின் பொருளை மட்டம் தட்டியது தவறு என்று பெப்சி பக்கம் பேசியது. ஆனால் விளம்பரக் கோஷத்துக்குக் காப்புரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாது என்பதையும் சொல்லிவிட்டது. நாலைந்து சொற்களை ஒருவன் பூட்டி வைத்துக்கொண்டால் மற்றவன் எப்படிப் பேசுவான் என்பதுதான் இந்த மாதிரி முடிவுகளுக்குப் பின்னால் இருக்கும் நியாயம். அந்தச் சொற்களை ஒரு பொருளின் அடையாளமாக்கி டிரேட்மார்க்காகப் பதிவு செய்யலாம். அது வேறு சட்டம், வேறு கதை.

அதே 2003-இன் தென்னாப்பிரிக்க உலகக் கோப்பைக்கு முன், பிலிப்ஸ் பொருள்களுக்காக 'தீவாளி மனாவோ, வேர்ல்ட் கப் ஜாவோ' என்ற விளம்பரம் வந்தது. ஐசிசி தடை கேட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. 'வேர்ல்ட் கப்' என்பது ஊரில் எல்லோரும் பேசுகிற சொல், அதைச் சொன்னதாலேயே யாரும் ஏமாந்துவிட மாட்டார்கள் என்பது அதன் சாரம்.

கவனித்தீர்களா? பல கோடி கொட்டிக் கோஷம் செய்கிற கம்பெனிக்கும், உலகக் கோப்பையையே நடத்துகிற ஐசிசிக்கும் கிடைக்காத உரிமை அது. பெட்ஷீட்காரர்களுக்கு எங்கே கிடைக்கப் போகிறது?

டிவிக்கு முன்னால் இருந்தவர்கள்

இதுவரை கோர்ட்டுக் கதை. ஆனால் கோர்ட்டுக்கே போகாத கதைதான் பெரிது. இன்றைக்கு டிவியில் நாம் சர்வசாதாரணமாகப் பார்க்கிற பல யோசனைகள் டிவிக்காரர்களின் மூளையில் பிறந்தவை இல்லை.

சச்சின் 2009 நவம்பரில் உப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 175 அடித்தாரே, ஞாபகமிருக்கிறதா? மூன்றே மூன்று ரன்னில் தோற்றோம். அந்த மாதிரி ஒரு இன்னிங்ஸ் முடிந்ததும் திரையில் வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு படம் வரும். எந்தப் பக்கம் எத்தனை ரன் என்று கோடுகளாகக் காட்டும். அதன் முன்னோடி பில் ஃபெர்குசன் என்ற ஆஸ்திரேலிய ஸ்கோரர். 1905-இல் ஆஸ்திரேலிய அணியோடு இங்கிலாந்து போனார். ஸ்கோர் எழுதுவது, அணியின் மூட்டை முடிச்சுகளைப் பார்த்துக்கொள்வது, இரண்டும் அவர் வேலை. அந்த வேலையைப் பிடிப்பதற்காக, பல் டாக்டராகவும் இருந்த கிரிக்கெட் வீரர் நோபிளிடம் போய்ப் பல்லைக் காட்டிப் பழக்கம் பிடித்தார் என்பார்கள். ஐம்பது வருஷத்துக்கும் மேல் அணிகளோடு சுற்றி, ஒவ்வொரு அடியும் எங்கே போனது என்று கையால் கோடு போட்டு வைத்தார். 1957-இல் இறந்தார். அவர் கோடுகள் இன்றைக்குக் கலர் கலராகத் திரையில் சுற்றுகின்றன. அவர் பெயரை வர்ணனையில் எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்?

இன்னொன்று, நம் ஹைதராபாத் சம்பந்தப்பட்டது. இங்கே பிறந்து, உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்த ஹர்ஷா போக்ளே, 2000-களின் தொடக்கத்தில் ஈஎஸ்பிஎன்-ஸ்டாரில் 'சூப்பர் செலக்டர்' என்ற நிகழ்ச்சியை நடத்தினார். நீங்களே கற்பனை அணி தேர்ந்தெடுக்க வேண்டும், உங்கள் வீரர்கள் நிஜத்தில் ஆடுவதற்கேற்ப உங்களுக்குப் புள்ளி. அப்போது ஆபீஸ் ஆபீஸாக அந்தப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. அந்த யோசனையின் வேர் அமெரிக்காவில். டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளர் பேஸ்பால் பைத்தியம். நண்பர்களோடு 1980-இல் இப்படி ஒரு ஆட்டத்தைத் தொடங்கினார். நியூயார்க்கில் அவர்கள் கூடிச் சாப்பிட்ட ஹோட்டலின் பெயரை வைத்து 'ரொட்டிசெரி லீக்' என்று பெயர் வைத்தார்கள். பெயரை டிரேட்மார்க்கும் செய்தார்கள். விளைவு என்ன தெரியுமா? மற்றவர்கள் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிட்டார்கள். 'ஃபேன்டசி' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆட்டத்தின் யோசனைக்குப் பூட்டு இல்லை, பெயருக்குத்தான் பூட்டு. அது வளர்ந்து பணம் கட்டி ஆடும் தொழிலாகி, தெலங்கானா 2017-இலேயே பணம் வைத்து ஆன்லைனில் ஆடுவதைத் தடைசெய்து, 2025-இல் நாடாளுமன்றமே சட்டம் போடுகிற அளவுக்குப் போனது. ஓக்ரென்ட் அதில் பணக்காரர் ஆகவில்லை.

மூன்றாவது கதை நமக்கு ரொம்பவே நெருக்கம். 1993-இல் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த சைமன் கிங் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் கிரிக்இன்ஃபோவைத் தொடங்கினார். அதை வளர்த்தவர்கள் யார்? வீட்டைவிட்டு வெகுதூரம் போய், இந்தியா ஆடுகிற மேட்ச்சின் ஸ்கோர்கூடத் தெரியாமல் தவித்த மாணவர்கள். டிவியில் கிரிக்கெட் கிடையாது, பேப்பரில் ஒரு வரி வராது. ஊரில் மேட்ச் பார்க்கிற ஒருவர் பந்துக்குப் பந்து தட்டச்சு செய்ய, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நடு ராத்திரியில் நூறு பேர் வாசிப்பார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. கார்னெலில் ஆராய்ச்சி மாணவராக இருந்த நம் பத்ரி சேஷாத்ரி அதன் நிறுவனர்களில் ஒருவர். பின்னாளில் கிழக்கு பதிப்பகம் தொடங்கி நமக்கெல்லாம் தமிழ்ப் புத்தகங்கள் கொடுத்தவரும் அவர்தான். பந்துக்குப் பந்து எழுத்தில் வர்ணனை என்கிற விஷயத்தை உலகம் முழுக்கப் பழக்கியது ஊர் ஏக்கம் பிடித்த அந்தக் கூட்டம். 2003-இல் அது விஸ்டன் குழுமத்துக்குப் போனது. 2007-இல் ஈஎஸ்பிஎன் வாங்கியது. ரசிகர்கள் இலவசமாகக் கட்டிய வீடு ஒரு டிவி நிறுவனத்தின் சொத்தானது. சட்டப்படி விற்று வாங்கிய வியாபாரம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அஸ்திவாரம் போட்டது யார் என்பதைச் சொல்லிவைக்க வேண்டும்.

ஸ்கோரே என்னுடையது!

ரசிகர்களின் யோசனையை எடுத்துக்கொள்வதில் சங்கடமில்லாத ஒளிபரப்புத் துறை, தன் பக்கத்திலிருந்து ஏதாவது வெளியே போனால் எப்படி நடந்துகொண்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் மோட்டரோலா ஒரு பேஜர் விற்றது. கூடைப்பந்து ஆட்டங்களின் ஸ்கோர் அதில் உடனுக்குடன் வரும். ஸ்கோர் எங்கிருந்து? டிவி பார்த்தும் ரேடியோ கேட்டும் ஆட்கள் தட்டி அனுப்புவார்கள். கூடைப்பந்து சங்கமான என்பிஏ வழக்குப் போட்டது. 1997-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கையை விரித்தது. ஒளிபரப்பு உன்னுடையது, ஆனால் யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பது நடந்த உண்மை, உண்மைக்கு உரிமையாளர் கிடையாது என்றது.

இந்தியாவில் அதே கதை 2012-இல். கிரிக்கெட் வாரியத்திடம் உரிமை வாங்கிய ஸ்டார் இந்தியா, ஸ்கோர் தந்துகொண்டிருந்த கிரிக்பஸ், ஐடியா செல்லுலார், ஆன்மொபைல் ஆகியோர் மேல் டெல்லியில் வழக்குத் தொடர்ந்தது. 2013 மார்ச்சில் தனி நீதிபதி, லைசென்ஸ் இல்லாதவர்கள் 15 நிமிஷம் கழித்துத்தான் ஸ்கோர் தரலாம் என்றார். கற்பனை செய்து பாருங்கள், ஊரே கத்தி முடித்தபின் 15 நிமிஷம் கழித்து உங்கள் போனுக்கு 'சிக்ஸர்' என்று வரும்! அந்த ஆகஸ்டிலேயே டிவிஷன் பெஞ்ச் அந்தத் தடையை நீக்கியது. வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது.

இதற்கெல்லாம் மூத்த வழக்கு ஒன்று இருக்கிறது. 1993 நவம்பரில் வங்காள கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பை நடத்தியது. கும்ப்ளே இறுதிப் போட்டியில் 12 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தாரே, அதே கோப்பைதான். ஒளிபரப்பு உரிமையைச் சங்கம் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க, தூர்தர்ஷனும் அரசும் எதிர்க்க, விவகாரம் உச்ச நீதிமன்றம் வந்தது. 1995 பிப்ரவரி 9 அன்று தீர்ப்பு. அலைவரிசைகள் பொதுச் சொத்து. அரசுக்கும் அவை ஏகபோகம் இல்லை, தனியாருக்கும் இல்லை என்றது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதிகளில் ஒருவரான ஜீவன் ரெட்டி, முன்பு இதே ஹைதராபாத்தில் ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். இன்றைக்கு நூற்றுக்கணக்கான சேனல்கள் ஓடுவதற்கு வழிவிட்ட தீர்ப்புகளில் அது முக்கியமானது. 2023 முதல் 2027 வரைக்கான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனதே, அந்தப் பெரிய பணம் பாய்வதற்கும் கால்வாய் அங்கேதான் வெட்டப்பட்டது. பொதுச் சொத்தின் மேல் நடக்கிற வியாபாரம் இது என்பதை அவ்வப்போது ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது.

படைகளும் விசிலும்

ஹைதராபாத் அணிக்கே இந்தக் கதையில் ஒரு இடம் உண்டு. 2012-இல் டெக்கான் சார்ஜர்ஸ் கலைந்தபோது, வருஷத்துக்கு 85.05 கோடி ரூபாய்க்கு புதிய அணியை வாங்கியது சென்னையின் சன் டிவி குழுமம். தெலுங்கு ஊரின் அணி, தமிழ் ஒளிபரப்பாளரின் கையில். பெயரிலேயே சூரியன் உதித்துவிட்டது. ரசிகர்களுக்கு 'ஆரஞ்ச் ஆர்மி' என்று பெயர். நெதர்லாந்து கால்பந்து ரசிகர்கள் ஆரஞ்சுப் படையாகத் திரிவது பல காலமாக இருக்கிற வழக்கம். கிரிக்கெட்டில் 'ஆர்மி' என்ற சொல்லைப் பிரபலமாக்கியது இங்கிலாந்தின் பார்மி ஆர்மி. 1994-95-இல் ஆஸ்திரேலியாவில் தோற்றுக்கொண்டே இருந்த அணிக்காக வெயிலில் பாடிக்கொண்டே இருந்த கூட்டத்துக்கு உள்ளூர் பத்திரிகைகள் வைத்த கிண்டல் பெயர் அது. அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெயரைத் தங்கள் பெயரிலேயே பதிவு செய்து, டி-ஷர்ட் அடித்து விற்றார்கள். 1999 உலகக் கோப்பையின்போது இங்கிலாந்தில் குடியேறிய நம்மவர்கள் பாரத் ஆர்மி என்று கிளம்பினார்கள்.

நம் 'விசில் போடு' மட்டும் என்ன? சென்னை அணியின் கோஷமாக ஊரெல்லாம் தெரிகிறது. ஆனால் தியேட்டரில் தலைவர் அறிமுகக் காட்சிக்கு விரலை மடக்கி விசிலடித்த தரை டிக்கெட் ரசிகனிடமிருந்து கடன் வாங்கியதுதானே அது? அவனுக்கு யாரும் ராயல்டி தரவில்லை. அவன் கேட்கவுமில்லை.

போக்குவரத்து ஒருவழிப் பாதையும் இல்லை. 2015 உலகக் கோப்பைக்கு ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 'மௌக்கா மௌக்கா' என்று பாகிஸ்தானைச் சீண்டி விளம்பரம் செய்தது. 2021 அக்டோபரில் துபாயில் பாகிஸ்தான் பத்து விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தபோது, அதே வரியை அந்தப் பக்கத்து ரசிகர்கள் நமக்கே திருப்பிப் பாடினார்கள். விளம்பரத்துக்குக் காசு போட்டது சேனல், அதை அனுபவித்தது எதிரணி ரசிகன். :-)

அப்போ நாம் என்ன கேட்கலாம்?

இவ்வளவும் படித்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான். கோஷமும் யோசனையும் ஊர்க் கிணறு மாதிரி. யார் வேண்டுமானாலும் இறைக்கலாம். கிணற்றுக்குப் பூட்டுப் போட ஆரம்பித்தால் முதலில் தாகத்தில் சாவது நாம்தான். ஏனென்றால் பூட்டு வாங்கக் காசிருப்பது பெரிய கம்பெனிகளிடம். யோசனைக்கெல்லாம் உரிமை உண்டு என்று சட்டம் நாளைக்கே மாறினால், பார்மி ஆர்மியும் பாரத் ஆர்மியும் வக்கீல் நோட்டீஸ் வாங்கிக்கொண்டிருப்பார்கள். எனவே ஆனந்த் தோற்ற அந்தச் சட்டம், நம்மைப் போன்ற சாமானியர்களுக்கு மொத்தத்தில் நல்லதே செய்திருக்கிறது.

ஆனால் கிணறு வெட்டியவன் பெயரைச் சொல்வதற்குக் காசு செலவாகாது. ஃபெர்குசன் பெயரை வருஷத்துக்கு ஒரு தடவை வர்ணனையில் சொன்னால் எந்தச் சேனலும் நஷ்டப்படாது. நாம் சண்டை போட வேண்டியது பணத்துக்கு அல்ல, பெயருக்கு. நம் காப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு, படைப்பை விற்ற பிறகும்கூட 'இது என் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை ஆசிரியருக்கு விட்டுவைத்திருக்கிறது. கோஷத்துக்கு அந்தப் பிரிவு உதவாது என்றாலும், அதற்குப் பின்னால் இருக்கும் மரியாதை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிற நம் குடும்பங்களுக்கு இது வெறும் கிரிக்கெட் விஷயமும் இல்லை. பொங்கல் விழாவுக்கு நாடகம் எழுதுகிறோம், பிள்ளைகளுக்காக ஆட்டங்கள் கண்டுபிடிக்கிறோம், சங்கத்துக்குப் பாட்டுக் கட்டுகிறோம். நாலு வருஷம் கழித்து வேறெங்கோ பெரிய மேடையில் அது மாதிரியே ஒன்றைப் பார்த்து வயிறெரிகிறோம். செய்ய வேண்டியவை ரொம்பச் சின்ன வேலைகள். எழுதியதை முழுசாக, தேதியோடு எழுதி வையுங்கள். யோசனையாக வாய்வழியே விடுவதைவிட, எழுத்தாக்கி வைத்தால் காப்புரிமை தானாகவே வந்துவிடும், பதிவுகூடக் கட்டாயமில்லை. யாரிடமாவது திட்டம் சொல்லப் போனால், இது நமக்குள் மட்டும் என்று ஒரு வரி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுயம்வரக்காரரைக் காப்பாற்றியது அந்த நம்பிக்கைக் கணக்குதான். பெயர் முக்கியம் என்று நினைத்தால் பார்மி ஆர்மி மாதிரிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்தவர் யோசனையை நாம் எடுத்தால், 'இது இன்னாரிடமிருந்து' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சேனல்களிடம் கேட்பதை முதலில் நாம் செய்வோமே.

ஆர்.ஜி. ஆனந்த் மூன்று கோர்ட்டிலும் தோற்றார். ஆனால் எப்போது எழுதினேன், எப்போது மேடையேறியது, யார் எந்த மாதம் வந்து கேட்டார்கள் என்று எல்லாத் தேதியும் வைத்திருந்தார். அதனால் அவர் பெயரும் நாடகத்தின் பெயரும் தீர்ப்பில் ஏறிவிட்டன. இந்தியாவில் காப்புரிமைச் சட்டம் படிக்கிற மாணவர்கள், டெல்லியில் குடித்தனமிருந்த அந்தப் பஞ்சாபி, மதராஸிக் குடும்பங்களைத் தாண்டித்தான் இன்றும் பரீட்சை எழுதப் போகிறார்கள்.

உங்கள் ஊரில், உங்கள் சங்கத்தில் பிறந்து வேறெங்கோ பிரபலமான கோஷமோ யோசனையோ இருந்தால் எழுதுங்கள். மறக்காமல் வருஷத்தையும், முதலில் சொன்னவர் பெயரையும் போட்டு எழுதுங்கள்.